கதையிற் காலவழு



எங்கள் பரிசளிப்பு விழாவுக்கென மேல்வகுப்பு மாணவன் ஒருவன் எல்லாளனைப் பற்றி ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தான். முதற் காட்சி அநுராதபுரத்து அரண்மனை மடைப்பள்ளி. அங்கே சமையற்காரன் மிளகாய் அரைக்கின்றான். கதிரையில் அமர்ந்திருக்கும் அமைச்சர், "இன்னும் ஐந்து நிமிடத்தில் அரசர் வந்துவிடுவார்" என்கின்றார். இதனைப் படித்த ஆசிரியர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறுதிக் காட்சியில் இவற்றினும் பெரிய பிழையொன்று இருந்தது. அதனைப் பின்னர் கூறுகின்றேன்.

ஒரு காலத்துக்குரியதை வேறொரு காலத்தில் வைத்துச் சொல்லுதலைக் காலவழு எனலாம். இச்சொல் இலக்கணத்திலிருந்து நான் பெற்ற இரவல். நன்னூலார் கூறும் எழுவகை வழுக்களுள் அது ஒன்று. அங்கே வினையின் காலம் பிறழ்வதைக் குறிக்கும். இலக்கணகாரர் வழுவைக் காட்டியதோடு நில்லாது, வழுவமைதி என்றும் ஒன்று வகுத்தனர். வாயிலில் நின்று அழைப்பவருக்கு, உணவை முடிக்காமலே உள்ளிருந்து "இதோ வந்துவிட்டேன்" என்கின்றோம். காலம் பிறழ்ந்ததுதான், எனினும் விரைவு கருதி அமைத்துக்கொள்ளப்படும். வரலாற்றுக் கதைகளை எடைபோடுவதற்கு இதனினும் நல்ல தராசு எனக்கு அகப்படவில்லை.

மிளகாய் பொருள்பற்றிய வழு. அஃது அமெரிக்கக் கண்டத்துச் செடி; கொலம்பசு 1492 இல் அங்கு சென்ற பின்னரே கீழைத்தேயம் வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையும் திப்பிலியையும் இஞ்சியையுமே நம்பியிருந்தனர். மிளகைப்போல் உறைக்கும் காய் என்ற பெயரே அதன் பிறப்புச் சான்று. உருளைக்கிழங்கு, தக்காளி, அன்னாசி, கச்சான் யாவும் அவ்வழி வந்தவையே. புகையிலையும் அப்படித்தான், புகையிலை இல்லாத யாழ்ப்பாணத்தை நம்மாற் கற்பனை செய்யவும் இயலுமோ!

கதிரை அத்தகையதன்று. அரசவையில் ஆசனம் உண்டு, சொல்தான் பிந்தியது. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் என்பவை போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். அவர்கள் இலங்கைக்கு வந்தது 1505 இல். ஆசனம், சாளரம் என்று திருத்தினால் வழு நீங்கும். ஐந்து நிமிடத்தை ஒரு நாழிகையாக்கலாம். நாழிகை நமது 24 நிமிடமாகையால் அரசர் சற்றுத் தாமதித்து வருவார், அவ்வளவே.

அப்படியானால் எல்லாளன் இக்காலத் தமிழ் பேசுவது மட்டும் தகுமோ என்று நீங்கள் கேட்கலாம். தகும். அதுவே வழுவமைதி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மொழியில் அவனைப் பேசவிட்டால் அவையோர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவர். சேர் வால்ரர் ஸ்கொற் 1819 இன் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்கோ' நாவலின் முகவுரையில் இந்நியாயத்தையே விரித்துரைத்தார். சேக்ஸ்பியரின் 'யூலியஸ் சீசர்' நாடகத்திலே கடிகாரம் மணியடிக்கின்றது. சீசர் மாண்டது கி.மு. 44 இல், மணியடிக்கும் பொறிக்கடிகாரம் வந்ததோ ஆயிரம் ஆண்டுகளுக்கும் பின்னர். சதிகாரர் இருளில் நேரம் எண்ணும் அந்தக் காட்சியின் அச்சத்துக்காக நான் அதனையும் மன்னித்துவிடுகின்றேன். மன்னிக்க மறுப்போரும் உளர்.

வழுப்போலத் தோன்றி வழுவல்லாதவையும் உண்டு. வேறொரு மாணவனின் கதையிற் சோழநாட்டு வீரன் யவனரின் மது அருந்துவதைக் கண்டு, நானே சிவப்பு மையால் அடித்துவிட்டேன். பின்னரே நினைவு வந்தது: சங்கப் பாடல்கள் அம்மதுவைக் கூறுகின்றன, 1945 இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது உரோமர் மதுச்சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. மறுநாள் அவனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன்.

இனி அந்த இறுதிக் காட்சி. துட்டகைமுனு, தேர்தல் மேடையிற் பேசுவோர்போல ஓர் இனத்தாரைத் தூற்றுகின்றான். எல்லாளனும் அதே குரலில் விடையிறுக்கின்றான். இது கருத்துப்பற்றிய வழு. இதற்கு அமைதி இல்லை. மிளகாயைக் கண்டு அவையோர் சிரிப்பர். இதற்கோ கைதட்டுவர், அன்றும் இப்படித்தான் இருந்தது என்று நம்பியும் விடுவர். மகாவம்சம் சமயச் சார்போடு இப்போரைக் கூறுவது உண்மை. அந்நூலே நிகழ்ச்சிக்கு அறுநூறு ஆண்டுகளின் பின் எழுந்தது. எனினும் எல்லாளன் 44 ஆண்டுகள் நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒருபடித்தாக நீதி வழங்கினான் என்று அதுவே சொல்கின்றது. வென்றவன் அவனுக்கு ஈமக்கடன் ஆற்றி, நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபடவும் பணித்தான் என்றும், பின்வந்த அரசரும் அவ்விடத்தை அணுகும்போது வாத்தியங்களை ஓயச்செய்தனர் என்றும் உரைக்கின்றது. மாணவனிடம் அந்தப் பகுதியைக் கொடுத்து, வாசித்துவிட்டு வா என்றேன்.

ஒரு கிழமைக்குப் பின் வந்தான். அந்த இரு பேச்சுக்களும் நீங்கியிருந்தன. அவற்றுக்குப் பதிலாக ஓர் ஊர்வலம்; சமாதியை நெருங்கியதும் முரசறைவோன் கையை உயர்த்தியபடி நிற்கின்றான்; மேடையில் ஓசையில்லை; திரை விழுகின்றது. மடைப்பள்ளியில் மட்டும் மிளகாய் அப்படியே இருந்தது. ஏனென்று கேட்டேன்.

"மிளகு அரைத்தால் எவரும் தும்மமாட்டார்கள், ஐயா. சமையற்காரன் தும்முவதுதான் முதற் சிரிப்பு" என்றான்.

மிளகுக்கும் தும்மல் வரும் என்று சொல்லி அனுப்பினேன்.