நோயாளியும் கதையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயாளிக்கு வேண்டியது மருந்து; கதை எதற்கு என்று கேட்பாருமுளர். மருந்து வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. அந்த மருந்தை அவர் விழுங்க வேண்டுமே. அதற்காகவே கதையைப் பற்றிப் பேசுகின்றேன்.

இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலியில்லை, காய்ச்சலில்லை. வைத்தியர், "உப்பைக் குறையுங்கள், குளிசையை நாள்தோறும் எடுங்கள்" என்கிறார். நோயாளி தலையாட்டிவிட்டு வீடு வருகிறார். சில வாரங்களில், "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று குளிசை அலுமாரிக்குள் போய்விடுகிறது. பிறகொரு நாள் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுத்துகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பேர்மிங்ஹாம் நகரில், ஏழைகள் நாடிவரும் வைத்தியசாலையொன்றில், இவ்வியாதியுள்ள கறுப்பின மக்கள் 299 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். முடிவு 2011ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு, அவர்களுடைய சமூகத்து நோயாளிகளே தம் கதையைச் சொல்லும் படத்தட்டுகள் கொடுக்கப்பட்டன. மற்றப் பகுதியினருக்கு வேறு சுகாதார விஷயங்களைப் பற்றிய தட்டுகள். வழக்கமான வைத்தியம் இரு பகுதியினருக்கும் உண்டு. மூன்று மாதத்தின் பின் அளந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் அழுத்தம் கட்டுக்கடங்காதிருந்தவர்களுள், கதை கேட்டவர்களின் மேலளவு மற்றவர்களுடையதிலும் ஏறக்குறைய 11 மில்லிமீற்றர் அதிகமாகக் குறைந்திருந்தது. ஒரு குளிசை செய்யும் வேலைக்கு இது குறைந்ததன்று. ஏற்கெனவே அழுத்தம் அடங்கியிருந்தவர்களிடம் இவ்வித்தியாசம் காணப்படவில்லை, அதையும் மறைக்கலாகாது.

காரணம் பெரிய இரகசியமன்று. வைத்தியரின் புத்திமதி மேலேயிருந்து வருகிறது. "நானும் குளிசையை விட்டவன்தான், இப்படித்தான் திரும்ப எடுக்கத் தொடங்கினேன்" என்று தன்னைப் போன்ற ஒருவர் சொல்லும்போது, "அவருக்கு முடிந்தால் எனக்கும் முடியாதா?" என்ற எண்ணம் பிறக்கிறது.

ஆனால் சொல்வதற்கு முன் கேட்க வேண்டும். அதே அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி 18 விநாடியில் வைத்தியர் குறுக்கிட்டதாகக் கண்டார்கள். நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்து வைத்தியர் றீற்றா சரோன் அம்மையார், நோயாளியின் கதையைக் கேட்கும் பயிற்சியை மருத்துவக் கல்வியின் ஓர் அங்கமாகவே வளர்த்தெடுத்தார். வாங்கு நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது வைத்தியரை மாத்திரம் குறைகூறுவது நியாயமன்று. நோயாளரைப் பார்க்கப் போகும் நமக்கோ நேரமுண்டு. நாமும் நின்றபடியே "சுகமா?" என்று கேட்டு, தோடம்பழப் பையை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோமே!

இன்னொன்று. கதை நல்லதையும் கொண்டுபோகும், கெட்டதையும் கொண்டுபோகும். "இன்னார் ஊசியை விட்டுவிட்டுக் கஷாயம் குடித்தார், சுகமாயிற்று" என்ற கதைக்குக் கால்கள் அதிகம். அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால், சில நீரிழிவு நோயாளருக்கு உயிரே போய்விடும். அத்தகைய கதையைக் கட்டிலருகே சொல்லும் உறவினரைத் தடுக்க நம் இளைஞர்கள் கூச்சப்படலாகாது. அதுபோலவே, ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன நோயின் கதையை அவர் சம்மதமின்றி அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகவும் கூடாது.

வைத்தியசாலைக்குப் போகும் அங்கத்தவர்கள் முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "என்ன நடந்தது, ஐயா?" என்று கேளுங்கள். அவர் முடிக்கும் வரை பேசாதிருங்கள்.