எந்தப் பெயரில் தேடுவது?

(மாணவர் வாசிப்பு வட்டங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் வகுப்பெடுக்கிற ஆள் இல்லை. வங்கியில் எழுத்தர், கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். காரிமங்கலத்தில் நம்ம பிள்ளைகளுக்கு நூலகத்தில் தேடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். 14 பேர். எல்லோரும் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். இப்படி ஒரு வகுப்பு நான் எடுத்தது அதுதான் முதல் தடவை. உங்க ஊரிலும் இதை நடத்தணும் என்பதற்காகத்தான் அதைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம்ம பிள்ளைகள் நூலக வாசலில் தயங்கி நிற்கிறார்கள். யாரோ உள்ளே விட்டால் போகலாம் என்கிற மாதிரி. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. காலனி வீட்டுக்கு வரி கட்டுகிற உங்க அம்மாவும் அதற்குப் பணம் கொடுத்திருக்கிறார். ஆகவே அது யாரும் போடுகிற பிச்சை அல்ல. உள்ளே போய் உட்காருங்கள்.

என்ன தேடப்போகிறீர்கள் என்று எழுதச் சொன்னேன். பாதிப்பேர் 'தலித் வரலாறு' என்று எழுதினார்கள். அது தலைப்பு, கேள்வி இல்லை. 'எங்க சேரியை ஒட்டிய நிலம் 1930-இல் யார் பேரில் இருந்தது?' - இது கேள்வி. எந்த ஆண்டு, எந்தப் பதிவேடு, எந்த அலுவலகம் என்று கேள்வியே வழி காட்டும்.

அடுத்து, ஊர். தருமபுரி மாவட்டம் என்று தேடினால் 1965-க்கு முந்தைய சங்கதி கிடைப்பது கஷ்டம். அந்த வருஷம் அக்டோபர் 2 வரை இது சேலம் மாவட்டம். 1883-இல் லெ பானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1918-இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியர் - நம்ம பகுதி அவற்றுக்குள்தான் இருக்கிறது. படிக்கும்போது ஒன்று கேட்டுக்கொண்டே படிக்கணும்: இந்தச் செய்தியை இவருக்குச் சொன்னது யார்? ஊரா, சேரியா?

ஊரை விடக் கஷ்டம் நம்ம பெயர். பழைய ஆவணங்களில் 'தலித்' என்ற சொல்லே இருக்காது. சாதிப் பெயர் இருக்கும். பஞ்சமர் என்றிருக்கும். 'ஒடுக்கப்பட்ட வகுப்பார்' என்றிருக்கும். 1922-இல் அரசாணை வந்த பிறகு ஆதிதிராவிடர். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பட்டியல் சாதி. எந்தக் காலத்தில் எந்தப் பெயரை மாட்டினார்கள் என்று தெரியாவிட்டால் நம்மை நாமே கண்டுபிடிக்க முடியாது.

இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி பேனாவை மூடி வைத்துவிட்டாள். "அண்ணா, இந்த வார்த்தையைச் சொல்லித்தான் எங்க தாத்தாவைக் கூப்பிட்டாங்க. இதை நான் என் கையால எழுத மாட்டேன்" என்றாள். அறையில் சத்தமே இல்லை.

அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்று சொன்னேன். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் அந்த இழிசொல்லையே எடுத்து 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கியபோது 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். அவர்கள் மாட்டிய பெயரை அவர் ஏற்கவே இல்லை. இரண்டு பேரும் நம்மவர்கள். இரண்டும் போராட்டம்தான்.

பிறகு நோட்டில் இரண்டு பத்தி போட்டோம். இடப்பக்கம் அவர்கள் வைத்த பெயர்: தேடுவதற்கு மட்டும். வலப்பக்கம் நாம் சொல்லும் பெயர்: எழுதுவதற்கு. மேற்கோள் காட்டும்போது மூலத்தில் இருக்கிற சொல்லை மாற்றக்கூடாது. மாற்றினால் அவர்கள் செய்த குற்றத்தை நாமே அழித்தவர்கள் ஆவோம். அந்தத் தங்கச்சி யோசித்துவிட்டு இடப்பக்கத்தைப் பென்சிலில் எழுதினாள்.

மூன்றாவது, எங்க தொழில் பாஷையில் சொல்றேன். வங்கியில் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் நகராது. ஆய்வும் அப்படித்தான். ஆசிரியர் பெயர், நூல், ஆண்டு, பக்கம், எங்கே பார்த்தாய் - இந்த ஐந்தும் இல்லாத குறிப்பு செல்லாத காசோலை. அம்பேத்கர் 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றிய நூலை வெளியிட்டபோது ஆவேசத்தை மட்டும் வைத்து எழுதவில்லை. ஆவணத்தையும் கணக்கையும் வைத்து எழுதினார். மேடையில் நாம் போடுகிற சத்தத்துக்கு அவர்கள் பயப்படுவதில்லை. பக்க எண்ணுக்குப் பயப்படுகிறார்கள்.

பஞ்சமி நிலத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, அதன்பேரில் 1892-இல் வந்த அரசாணை - இந்தத் தாள்கள் இல்லாமல் அந்தக் கோரிக்கைக்குக் கால் இல்லை. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். உங்க கிராமத்துப் பழைய 'அ' பதிவேட்டை இப்போதைய சிட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் காட்டவில்லையா? 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில்.

கடைசியாக, படி எடுத்து வையுங்கள். 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளைக் கொளுத்தினார்கள். வீட்டோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. ஒரே இடத்தில் இருக்கிற தாளைக் கொளுத்திவிடலாம். மூன்று ஊரில் மூன்று பேரிடம் இருந்தால் முடியாது. பண்டிதரின் எழுத்துகளை அலாய்சியஸ் 1999-இல் தொகுக்க முடிந்ததற்குக் காரணம், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் காத்து வைத்திருந்ததுதான்.

படி என்று அம்பேத்கர் சொன்னார். படிப்பதற்கு முன்னால் தேடணும், தேடியதைக் குறிக்கணும், குறித்ததைப் பகிரணும். உங்க ஊரிலும் ஐந்து பேரைக் கூட்டுங்கள். ஒரு நோட்டு, இரண்டு பத்தி. அதில் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.