டென்ஷன் கேன்சரை வளர்க்குமா?

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் எங்க ஏரியால யாருக்காவது கேன்சர்னு தெரிஞ்சா, பார்க்க வர்ற சொந்தக்காரங்க ஒரு விஷயம் சொல்லாம போக மாட்டாங்க: "எல்லாத்தையும் மனசுலயே போட்டு அழுத்திக்கிட்டா, அதான் வந்துடுச்சு." பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா படுத்திருக்கிறவங்க காதுல, "நோயும் உன்னோடது, தப்பும் உன்னோடது"ன்னுதான் அது விழும். அதனால இந்தப் பேச்சுல எவ்வளவு உண்மைன்னு இன்னைக்குப் பார்த்துடுவோம்.

2023 டிசம்பர் 26. ராத்திரி நேரம். எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற குழாயில அமோனியா கசிஞ்சுது. மூச்சுத் திணறி ஜனங்க வீட்டை விட்டு ஓடுனாங்க. அந்த மாதிரி நேரத்துல உடம்புல அட்ரினலின், நார்அட்ரினலின், கார்ட்டிசால் எல்லாம் ஏறும். இதயம் வேகமா துடிக்கும், காலுக்கு பலம் வரும். ஆபத்து போனதும் இறங்கிடும். இது நம்ம உயிரைக் காப்பாத்துற ஏற்பாடு.

இறங்காம இருந்தாதான் சிக்கல். கந்துவட்டி, கான்ட்ராக்ட் வேலை, நாளைக்கு என்ன ஆகுமோங்கிற பயம்னு மாசக்கணக்குல ஓடுற டென்ஷன் அது.

2006ல, ஹூஸ்டன்ல இருக்கிற எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் மையத்துல, டாக்டர் அனில் சூட் குழு ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. சினைப்பை கேன்சர் செல்களை எலிக்குள்ள வெச்சு, தினமும் சில மணி நேரம் அசைய முடியாம அடைச்சாங்க. கட்டி பெருசா வளர்ந்துச்சு, பரவவும் செஞ்சுது. காரணம், அந்த செல் மேல இருக்கிற பீட்டா-2ங்கிற ஏற்பி. அது பூட்டுன்னா, நார்அட்ரினலின் சாவி. பூட்டு திறந்ததும், புது ரத்தக்குழாய்களை வளர்க்கிற புரதத்தை செல் அதிகமா சுரக்குது. ரத்தம் வந்தா கட்டிக்கு சாப்பாடு வந்த மாதிரி. ப்ராப்ரனலால்ங்கிற பழைய பிபி மருந்தைக் கொடுத்து பூட்டை அடைச்சதும், டென்ஷனால வந்த அந்தக் கூடுதல் வளர்ச்சி தடைபட்டுச்சு. (நீங்களா இதை வாங்கிப் போட்டுடாதீங்க. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு ஆபத்து.)

இப்ப முக்கியமான இடம். அந்த எலிகளுக்கு கேன்சர் முன்னாடியே இருந்தது. டென்ஷன் அதுக்குத் தீனி போட்டுச்சு, ஆனா விதைக்கலை. மனுஷங்ககிட்ட? 2013ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு, 1,16,000 ஐரோப்பியர்களைப் பார்த்துச்சு. வேலை அழுத்தத்துக்கும் கேன்சர் வர்றதுக்கும் தொடர்பு தெரியலை.

ஆனா டென்ஷனைத் தணிக்க நாம தேடிப் போற சிகரெட், பீடி, குடி மூணும் கேன்சரைக் கொண்டு வரும். அதுல சந்தேகமே இல்லை. டீசல் புகை கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பு 2012ல சொல்லுச்சு, வெளிக்காத்து மாசையும் 2013ல அதே பட்டியல்ல சேர்த்துச்சு. எண்ணூர் நெடுஞ்சாலையில ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் புகைக்கு நடுவுல வாழ்ற ஒரு அக்காகிட்ட போய், "நீ கவலைப்பட்டதாலதான்"னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

மனசு லேசா இருந்தா நல்லா தூக்கம் வரும், சிகிச்சையைத் தாங்குற தெம்பு வரும். அதுக்காக அவங்களுக்கு உதவுங்க. அடுத்த முறை பார்க்கப் போறப்ப "டென்ஷன் ஆகாதே"ன்னு அட்வைஸ் பண்ணாதீங்க. "அடுத்த கீமோ எப்போ, நான் கூட வரட்டுமா?"ன்னு கேளுங்க. அவங்க தலையில இருக்கிற பாரத்துல பாதி அங்கயே இறங்கும்.