ஓட்ட ஆள் இல்லையாம்!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

இந்தக் கூட்டத்தில் லாரி டிரைவரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். மில்லுக்கு வரும் பஞ்சுப் பொதியும், மில்லிலிருந்து போகும் நூல் மூட்டையும் லாரியில்தான் போகின்றன. மழை பொய்த்து வயலில் வேலையற்றுப் போனபோது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஏறிப்போனதும் அதே லாரியில்தான். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து டிரைவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்களல்ல. உங்கள் அண்ணன் தம்பிகள்.

இன்று லாரி முதலாளிகள் ஒரு புகார் சொல்கிறார்கள்: "வண்டி இருக்கிறது, லோடு இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையவில்லை." இது நியாயந்தானா? பார்ப்போம்.

முதலில் கூலி. சங்ககிரியில் ஒரு டீக்கடை வாசலில் டிரைவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "எனக்கு மாசச் சம்பளம்னு ஒண்ணு கிடையாதுங்க. டிரிப் படிதான். சக்கரம் உருண்டா சோறு, நின்னா பட்டினி."

நாமக்கல்லிலிருந்து டில்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஓட்டினால் 60 மணி நேரம். நாளைக்கு 10 மணி என்றால் 6 நாள். "நாலு நாளில் சரக்கு சேரவேண்டும்" என்கிறார் புக்கிங் ஆபீஸ்காரர். அப்படியானால் நாளைக்கு 15 மணி. அதிகப்படியான அந்த 5 மணி எங்கிருந்து வருகிறது? டிரைவரின் தூக்கத்திலிருந்து வருகிறது! டில்லியில் கோடவுன் வாசலில் மூன்று நாள் காத்துக் கிடந்தால் அவருக்குப் படியில்லை. டீசல் கணக்கு உதைத்தால் அதுவும் படியில் பிடித்தம். நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்று முன்பு விதி இருந்தது. 2018-இல் மத்திய சர்க்கார் அதையும் எடுத்துவிட்டது.

சட்டம் இல்லையா? இருந்தது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, நெடுந்தூர ஓட்டத்துக்கு அதிகம் போனால் 10 மணி என்று வரையறுத்தது. ஆனால் 5 பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது செல்லும். 2020-இல் பார்லிமெண்டு அதைப் புதிய தொகுப்புச் சட்டத்தில் கரைத்து, 5 என்பதை 10 ஆக்கிற்று. 2025 நவம்பரில் அது அமுலுக்கும் வந்துவிட்டது. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் வேண்டும். பிராவிடண்ட் பண்டுக்கு 20 பேர் வேண்டும். இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் டிரைவர் எந்தக் கணக்கில் வருவார்? சட்டம் தலைகளை எண்ணுகிறது. தலைமேல் இருக்கும் பாரத்தை எண்ணவில்லை.

அடுத்து பயிற்சி. லாரித் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் எது? கிளீனர் சீட்டுதான். டயர் மாற்றுவது, தார்ப்பாய் கட்டுவது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முழு லோடு வண்டியை பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் இறக்குவது, எல்லாம் அங்கே கற்றவைதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் வசவும் உண்டு, அடியும் உண்டு. அதை நாம் போற்றவில்லை. ஆனால் செலவு மிச்சம் என்று அந்தச் சீட்டையே பல முதலாளிகள் காலியாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டியவரே படித்த பிள்ளை எங்கே என்று கேட்கிறார்!

எதிர்காலம்? கிளீனர் டிரைவராவான், டிரைவர் சொந்த வண்டி வாங்குவான் என்பது பழைய கனவு. வாங்கியவர்களிலும் பலர் பைனான்ஸ் தவணைக்காக இரவு பகலாக ஓட்டுகிறார்கள். ஐம்பது வயதில் இடுப்பும் கண்ணும் போனபின் கையில் மிஞ்சுவது லைசென்ஸ் அட்டை ஒன்றுதான். அப்பன் பட்ட பாட்டைப் பார்த்த மகன் ஸ்டீயரிங்கைத் தொட மறுக்கிறான். இதற்குப் பெயர் சோம்பலா?

ஆனால் டிரைவர்கள் கையாலாகாதவர்களல்ல. விபத்தில் உயிர்ப்பலி நேர்ந்து, தகவல் சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டம் வந்தபோது, 2024 ஜனவரியில் வடக்கே பல மாநிலங்களில் வண்டிகளை நிறுத்தினார்கள். அவ்வாண்டு ஜூலையில் சட்டம் அமுலானபோது அந்த உட்பிரிவை மட்டும் சர்க்கார் நிறுத்திவைத்தது. ஒன்றுபட்டால் வழி பிறக்கும்.

நமது கோரிக்கைகள் இவை: மாதச் சம்பளம், அதற்கு மேல் படி, காத்திருக்கும் நாளுக்கும் படி, நெடுந்தூர ஓட்டத்துக்கு இரண்டாவது டிரைவர், கிளீனருக்குச் சம்பளத்துடன் முறையான பயிற்சி, தலை எண்ணாத சட்டப் பாதுகாப்பு.

மில் தோழர்களே! உங்கள் கேட் வாசலில் இன்றும் லாரிகள் வரிசையில் நிற்கும். அந்த டிரைவர்களுக்குக் குடிதண்ணீர் உண்டா, கக்கூசு உண்டா, படுக்க நிழல் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அதையும் எழுதுங்கள். நாளைக்கே செய்யக்கூடிய காரியம் இது. அங்கிருந்து தொடங்குவோம்!