இளைப்பு நோயும் இரத்தச் சோதனையும்



இளைப்பு நோய் என்றால் மூச்சுக்குழாய் சுருங்குவது என்றே நாம் எண்ணி வந்தோம். குழாயின் உட்புறம் அழன்று வீங்குவதே அதற்கு அடிப்படை. நோய் முற்றியவர்களுக்கு அவ்வழற்சி எவ்வகையது என்று அறிந்தாலன்றி உரிய மருந்தைத் தேர்தல் அரிது.

இதற்கு எளிய வழி, இரத்தத்திலுள்ள இயோசினோபில் என்னும் வெள்ளணுக்களை எண்ணுவது. ஒரு மைக்ரோ லிட்டரில் 300க்கு மேல் இருந்தால் மருத்துவர் ஒருவகை அழற்சியை ஐயுறுவர். பெரிய மருத்துவ நிலையங்களில் நோயாளி ஊதும் மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடையும் அளக்கின்றனர். நூறு கோடிப் பங்கில் 50க்கு மேற்பட்டால், வயது வந்தோர்க்கு அது மிகுதியாகும்.

ஆயினும் எண் ஏமாற்றுவதுண்டு. மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பமொன்றில் ஓயாது இளைத்த மூதாட்டிக்கு எண்ணிக்கை குறைவாகவே வந்தது. கடையில் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை அவர் பல நாள் விழுங்கி வந்தது பின்னரே தெரிந்தது. அம்மாத்திரை அவ்வணுக்களைக் குறைத்துவிடும். உடன் சென்ற நாமும் அதைக் கேட்கத் தவறினோம். கொக்கிப்புழுவும் யானைக்கால் நோய்ப் புழுவும் இதற்கு மாறாக எண்ணிக்கையைக் கூட்டும்.

1928ல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய தாம்பரம் சானடோரியம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே உள்ளது. அங்குச் செல்வோர் உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்க, கசங்கியிருந்தாலும் குற்றமில்லை. சோதனைக்கென்று மருந்தைத் தாமாக நிறுத்துதல் மட்டும் ஆகாது.