நெற்றிச் சைனஸ்: எது வெறும் தலைவலி, எது ஆபத்து?

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

"எனக்கு சைனஸ் இருக்கு" என்று நம்மில் பலர் சொல்கிறோம். உண்மையில் சைனஸ் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிறது. அது நோயின் பெயரல்ல. மண்டை எலும்புக்குள் அல்லாஹ் அமைத்திருக்கும் காற்றறையின் பெயர். கன்னத்தில், மூக்கின் இரு பக்கங்களில், மூக்குக்குப் பின்னால், நெற்றியில் என்று நான்கு வகை அறைகள் உண்டு. இன்று நாம் பேசப்போவது புருவத்துக்கு மேலே இருக்கும் நெற்றி அறையைப் பற்றி மட்டும்.

இந்த அறை பிறக்கும்போது இருப்பதில்லை. ஆறேழு வயதில்தான் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். பதின்ம வயது முடியும்போது முழு அளவை அடையும். சிலருக்கு ஒரு பக்கம் உருவாகாமலே போகும். இதன் ஓரங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குக்கூட ஒன்றுபோல் இருக்காது. அதனால் அடையாளம் தெரியாத உடல்களை இனம் காணத் தடயவியல் மருத்துவர்கள் பழைய எக்ஸ்ரேயில் இதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சுப்ஹானல்லாஹ்!

இந்த அறைக்கு அக்கம்பக்கம் யார் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முன்சுவர் தடித்த எலும்பு. பின்சுவரோ மிக மெல்லியது. அதற்கு அப்பால் மூளையின் உறை. அறையின் தரைதான் கண்குழியின் கூரை. உள்ளே சுரக்கும் சளிநீர் இறங்கி மூக்குக்கு வர ஒரே ஒரு குறுகிய வழிதான் உண்டு. ஜலதோஷத்தில் அந்த வழி வீங்கி அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும். தேங்கிய நீரில் கிருமி வளரும். நம் வீடுகளில் "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று பெரியவர்கள் சொல்வது கிட்டத்தட்ட சரியான விளக்கம்தான்.

அப்படி நீர் கோத்தால் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா? வேண்டியதில்லை. பெரும்பாலும் வைரஸால் வருவது. ஏழு முதல் பத்து நாளில் தானே இறங்கிவிடும். நீர்க்கோவை மாத்திரையை உரசிப் பற்றுப் போடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் சிறு பிள்ளைகளைத் தனியே உட்கார வைக்காதீர்கள். சளியைவிட வெந்நீர்க் காயம் பெரிய தொல்லை. மெடிக்கலில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கராச்சியில் குளத்தில் இறங்காதவர்கள்கூட, சுத்திகரிக்காத தண்ணீர் மூக்கில் ஏறி மூளை தின்னும் அமீபாவால் இறந்திருக்கிறார்கள். ஒளுச் செய்யும்போது ஏறிய தண்ணீரையே மருத்துவர்கள் காரணமாகச் சுட்டினார்கள். பள்ளிவாசல் ஹவுழையும் மேல்தொட்டியையும் முறையாகக் கழுவிக் குளோரின் போடும் பொறுப்பு ஜமாஅத் நிர்வாகத்துக்கு உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம்.

இன்னொன்று. மாதத்துக்கு இரண்டு தடவை தலைவலி, வெளிச்சம் பட்டால் கூசுகிறது, குமட்டுகிறது, இருட்டறையில் படுத்தால் தேவலாம் என்கிறவர்கள் வருடக்கணக்கில் "சைனஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி. சி.டி. ஸ்கேனில் அறை சுத்தமாக இருந்தால் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள்.

இனி ஆபத்தான பக்கத்துக்கு வருவோம். பத்து நாளாகியும் குறையாமல் இருப்பது, கொஞ்சம் தேறி மறுபடியும் காய்ச்சலோடு கூடுவது, இவை மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள். ஆனால் பதின்ம வயதுப் பிள்ளைக்குச் சளி, தலைவலியோடு நெற்றி நடுவில் மாவு பிசைந்து வைத்தது போல மெத்தென்று ஒரு வீக்கம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கிருமி நெற்றி எலும்பையே அரித்துவிட்டது என்று பொருள். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 18ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்ததால் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். வெளியே தெரியும் வீக்கத்துக்கு நேர் பின்னால், மூளை உறைக்கு வெளியே சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கண் இமை வீங்கி மூடிக்கொள்வது, பார்வை இரண்டாகத் தெரிவது, வாந்தி, பிதற்றல், வலிப்பு ஆகியவையும் இதே கணக்குத்தான். பூச்சிக்கடி என்று சுண்ணாம்பு தடவி இரண்டு நாள் பார்க்கலாம் என்று பாட்டிமார்கள் சொன்னால், மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021இல் கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை எத்தனை குடும்பங்களை உலுக்கியது என்பது நமக்குத் தெரியும். கொரோனா போய்விட்டது, கட்டுப்பாடில்லாத சர்க்கரை போகவில்லை. முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, மூக்கிலிருந்து கருப்பாகச் சளி வந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

அடுத்தது காயம். நெற்றி எலும்பு முகத்திலேயே உறுதியானது. அது உடைகிறது என்றால் அடி பலமானது என்று பொருள். அநேகமாக வண்டி விபத்துத்தான். முதல் சில நாள் வீக்கத்தில் பள்ளம் தெரியாது. வீக்கம் வற்றிய பிறகே "நெற்றி உள்ளே போயிருக்கே" என்று கண்ணாடியில் பார்ப்பார்கள். ஆகவே நெற்றியில் பலமான அடி என்றால் தையல் போட்டதோடு திரும்பிவிடாமல் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

பின்சுவரும் உடைந்து மூளை உறை கிழிந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே கசியும். இதைக் கண்டுபிடிக்கத் தொழுகையாளிக்கு ஒரு வசதி இருக்கிறது. குனியும்போதுதான் அது சொட்டும். ருகூவிலோ ஸஜ்தாவிலோ ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் முஸல்லாவில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஜலதோஷம் என்று விடாதீர்கள். சளி பட்ட கைக்குட்டை காய்ந்தால் விறைக்கும். இந்த நீர் காய்ந்தால் விறைக்காது. மூக்கைச் சிந்தக் கூடாது, பஞ்சு வைத்து அடைக்கக் கூடாது. ஒரு சிறு குப்பியில் பிடித்துக்கொண்டு போனால் பரிசோதனைக்கு உதவும். படுத்து ஓய்வெடுத்தாலே பலருக்கு நின்றுவிடும். நிற்காதவர்களுக்கு மூக்கு வழியாகவே அடைக்கலாம். விட்டுவிட்டால் மூளைக்காய்ச்சல் வரும்.

முன்சுவர் மட்டும் இலேசாக விரிசல் விட்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உள்ளே அமுங்கியிருந்தால், தலைமுடிக்குள் மறையும்படி வெட்டி, எலும்பைத் தூக்கி டைட்டானியத் தகட்டால் பொருத்துவார்கள். பின்சுவர் நொறுங்கியிருந்தால் நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்து அந்தச் சுவரையே எடுத்துவிட்டு, மூக்குக்கு இறங்கும் வழியையும் அடைத்து, அறையை மண்டைக்குழியோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது அறையின் உட்சவ்வைத் துளிகூட விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். ஏன் தெரியுமா? மிச்சமிருக்கும் சவ்வு சும்மா இருக்காது. அது சுரந்துகொண்டே இருக்கும். வெளியேற வழி இல்லாமல் ஒரு நீர்ப்பை உருவாகும். மெல்ல மெல்ல, சில சமயம் பத்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, எலும்பைத் தள்ளிக் கண்ணைக் கீழேயும் வெளியேயும் பிதுக்கும். விபத்தே மறந்துபோன பிறகு ஒரு கண் இறங்கித் தெரிகிறது என்று கண் மருத்துவரிடம் போவார்கள். அங்கே பழைய அடியைச் சொல்ல மறக்காதீர்கள். அந்த ஸ்கேன் பிலிமைப் பரணில் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

நாட்பட்ட நெற்றிச் சைனஸ் அறுவைக்கு வருவோம். "முகத்தை அறுத்துவிடுவார்களோ" என்ற பயம் காரணமில்லாததல்ல. 1884இல் அபர்டீன் நகரின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் நெற்றியில் துளையிட்டுச் சீழை எடுத்தார். 1898இல் ஜெர்மனியின் ரீடல் முன்சுவரையும் தரையையும் சேர்த்தே எடுத்தார். நோய் போயிற்று, நெற்றி குழிந்துபோயிற்று. 1958இல் அமெரிக்காவின் குட்டேல், மாண்ட்கோமரி இருவரும் எலும்பை மூடிபோல் திறந்து, வயிற்றுக் கொழுப்பால் அறையை நிரப்பி மூடினார்கள். 1970களில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் எண்டோஸ்கோப் வழியாக மூக்கின் உள்ளே பார்த்து, சளி இயற்கையாக எந்த வழியில் நகர்கிறதோ அதையே திறந்துவிட்டால் போதும் என்று காட்டினார். இன்று பெரும்பாலானோருக்கு முகத்தில் கீறலே இல்லாமல் மூக்கு வழியாகத்தான் செய்கிறார்கள்.

ஆனால் இந்த அறுவையின் சங்கடம் திறப்பதில் இல்லை. திறந்த வழி தழும்பேறி மறுபடி மூடிக்கொள்வதில் இருக்கிறது. அறுவைக்குப் பின் பல வாரங்கள் மூக்கைக் கழுவ வேண்டும், ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்க வேண்டும், மருத்துவர் அழைக்கும் நாளில் போய்ப் பொருக்கை எடுத்துவிட வேண்டும். நம்மிடம் உதவி பெற்றவர்களில் சிலர் வலி நின்றதும் இதை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் அலட்சியம் மட்டுமல்ல. ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, துணைக்கு ஒரு ஆள். அறுவைக்குப் பணம் கேட்க முடிகிறவர்கள் இதற்குக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். இனி அறுவைக்கு உதவும்போது மறுபரிசோதனைக்கான பயணச் செலவையும் சேர்த்தே ஒதுக்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

தொழுகை பற்றித் தாய்மார்கள் கேட்டிருந்தீர்கள். அறுவைக்குப் பின், குறிப்பாக நீர்க்கசிவை அடைத்தவர்கள், குனியவோ முக்கவோ கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். நோயாளி உட்கார்ந்தும் சைகையாலும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. எத்தனை நாள் என்பதை மருத்துவரிடமும், முறையை நம் இமாம் அவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் தண்ணீர் செலுத்துவதற்கும் அப்படித்தான்.

இளைஞர்களிடம் ஒன்று. ஜும்ஆவுக்கு வரும்போது தொப்பி இருக்கிறது, ஹெல்மெட் இல்லை. "பக்கத்துத் தெருதானே" என்கிறீர்கள். தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைப் போட்டு வாருங்கள்; பள்ளிவாசல் வராந்தாவில் ஹெல்மெட் வைக்க அலமாரி செய்துதரும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். உச்சியை மட்டும் மூடும் சட்டி ஹெல்மெட் நெற்றியைக் காக்காது. வார் மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று ஓடிவிடும். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் சட்டப்படி ஹெல்மெட் உண்டு.

விபத்து நடந்தால் 108ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தும் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுக்காத குடும்பங்கள் நம் மஹல்லாவில் இன்னும் இருக்கின்றன. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மனு எழுதித் தருகிறோம். எந்த அறுவைக்கு அனுமதி கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். உதவி கேட்டு நம்மிடம் வருகிறவர்கள் ஸ்கேன் அறிக்கையை மட்டுமல்ல, பிலிமையும் கொண்டுவர வேண்டும். பழைய பிலிம் இருந்தால் அதையும்.

மக்ரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பெண்கள் சீட்டில் எழுதி அனுப்பலாம். வஸ்ஸலாம்.