காசும் கேஷும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவுக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். நான் பேச எடுத்துக்கொண்ட சொல் என் கணக்குப் புத்தகத்திலேயே நாள்தோறும் காண்பது. ‘கேஷ்’ என்பதே அச்சொல்.

இச்சொல் தமிழ்க் காசிலிருந்தே பிறந்தது என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் நம் பிள்ளைகள் தெலுங்குப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். இங்கே கேட்டதை அங்கே சொல்வார்கள். ஒருவர் அகராதியைப் புரட்டி மறுத்துவிட்டால் தலைகுனிய வேண்டியவர்கள் அவர்களே அல்லவா? ஆகவே நம் வரவு எது, பிறர் வரவு எது என்று பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரு சொற்கள் உள்ளன. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு.

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் முதற்சொல், பெட்டி என்று பொருள்படும் ‘காப்ஸா’ என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சில் ‘கேஸ்’ என்றும் இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ என்றும் உருமாறி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்தது. நாளடைவில் பெட்டியை விட்டு உள்ளிருந்த பணத்தைக் குறிக்கலாயிற்று. மருந்துக் கடையில் வாங்கும் ‘காப்ஸ்யூல்’ கூட அப்பெட்டியின் பிள்ளைதான். பெட்டியைக் காப்பவர் ‘கேஷியர்’. ஒருவரைப் படைப்பணியிலிருந்து அவமானத்தோடு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றே வினைச்சொல் உண்டு. அது வேறொரு வேரிலிருந்து டச்சு மொழி வழியாக வந்தது. நம் கேஷியர்கள் அஞ்ச வேண்டுவதில்லை!

இரண்டாவது ‘கேஷ்’ சிறு நாணயத்தைக் குறிப்பது. இதுவே நம் காசின் பிள்ளை. 1498இல் இந்நாட்டுக்கு வந்த போர்ச்சுகீசியர், ‘காசு’ என்று மக்கள் சொல்லக் கேட்டு, தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘கைஷா’ என்ற சொல்லைப் போலவே அதனை ஒலித்தனர். ஆங்கிலேயர் அதைக் ‘கேஷ்’ ஆக்கிக்கொண்டனர். நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்புக் காசுக்கும் இப்பெயரையே இட்டனர்.

சென்னையில் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1808இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அடிக்கப்பட்ட 10 காசு, 20 காசு நாணயங்களில் ‘கேஷ்’ என்று பொறித்திருந்தனர். அவற்றை ஏற்றிக்கொண்டு இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மணல் திட்டில் மோதி அழிந்தது. 1980களில் அக்காசுகள் கடலடியிலிருந்து பெருந்தொகையாக மீட்கப்பட்டன.

காசு நமக்கு மட்டும் உரிய சொல்லா? வடமொழியில் ‘கர்ஷ’ என்னும் எடைப்பெயரோடு அதனை இணைப்போரும் உளர். தெலுங்கிலும் அது காசுதான். நாம் காசுமாலை என்பதை அவர்கள் ‘காசுலபேரு’ என்பர். திருமலைப் பெருமானை, வட்டிக்காசு வாங்குபவன் என்ற பொருளில், ‘வட்டிகாசுலவாடு’ என்று உரிமையோடு அழைப்பர். புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசின் ஒரு புறம் பிரகதாம்பாள் திருவுருவம். மறுபுறம் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்து. அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்ட செல்வம் அது.

தமிழிலோ காசுக்கு நாணயம் மட்டுமன்றி, பொன், மணி, குற்றம் என்றும் பொருள் உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்பன வாய்பாடுகள். ஒவ்வொரு குறளும் இந்நான்கனுள் ஒன்றில் முடியும். பிள்ளைகள் சோதித்துப் பார்க்கலாம்.

இன்று பயணச்சீட்டு வாங்குவோர் பலர் கைபேசியால் பணம் செலுத்துகின்றனர். அதனால் ‘கேஷ்’ என்றால் கையில் தொட்டு எண்ணும் தாளும் நாணயமும் மட்டுமே என்று பொருள் குறுகி வருகிறது. சொல்லும் வளரும், தேயும்.

அன்பர்களே, பிறர் வரவை நம் பெயரில் எழுத வேண்டுவதில்லை. நமக்குரியதை விட்டுக்கொடுக்கவும் வேண்டுவதில்லை. ரொக்கம் பெட்டியின் பிள்ளை, சில்லறை காசின் பிள்ளை என்று நம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்த வகுப்பிலும் அவர்கள் தலைநிமிர்ந்து சொல்வார்கள். எந்த அகராதியும் அவர்களை மறுக்காது.